பழம்பாட்டு வாணிகமும் பண்ணைப்புர மேடையும்

தமிழனுக்கு எதையும் விற்கலாம் என்பதை வாணிகர் என்றோ கண்டுகொண்டனர். அவன் ஊற்றுநீரைப் புட்டியில் அடைத்து அவனுக்கே விற்றனர்; அவன் வேப்பங்குச்சியைப் பசையாக்கி அவனுக்கே விற்றனர். இன்று அவனுடைய இளமையையே பொதி கட்டி அவன் வாயிலில் கொணர்ந்து இறக்கியிருக்கின்றனர். முப்பது நாற்பது ஆண்டுகட்கு முன்னர்த் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் கோயில் விழாவின் குழாய் ஒலிபெருக்கியிலும் ஒரு காசும் கொடாமல் கேட்டு நெஞ்சில் இருத்திய பாட்டுகளை, அதே பாடகர் வாயிலாக ஒருமுறை நேரிற் கேட்பதற்கு இற்றைநாளில் ஆயிரக்கணக்கான உருபா விலை! பாட்டு தமிழ்ப்பாட்டு, கேட்பவன் தமிழன். ஆனால் சுவரொட்டி ஆங்கிலம், நுழைவுச்சீட்டு ஆங்கிலம், மேடையில் நின்று கூட்டத்தை வரவேற்பவர் வாயிலும் ஆங்கிலம். இவற்றிடையே தமிழ், பெருவிருந்தின் இலையோரத்து ஊறுகாய் அளவினதாய்ச் சுருங்கிக் கிடக்கின்றது.

பழம்பாட்டை விரும்புவது குற்றமன்று. விடியுமுன் எழுந்து கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறி ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் பெண்களுக்கும், கொடிமுந்திரிப் பந்தலின்கீழ்க் கழுத்து நோக அண்ணாந்து குலை வெட்டும் உழைப்பாளிக்கும், இரவெல்லாம் சரக்குந்து ஓட்டுபவனுக்கும் அப்பாட்டுகளே துணையாயிருந்தன. அத்துணையை எவரும் பழிக்கவில்லை. இங்கு எழும் கேள்வி வேறு. அப்பாட்டு பிறந்த மேடை எத்தகையது? இன்று அதனை விற்கும் மேடை எத்தகையது? முன்னதிலிருந்து பின்னதற்கு வந்துசேர்ந்ததில் தமிழினம் இழந்தது எவ்வளவு? இவற்றை எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் இது.

மேலைக் கூத்தின் வழிமுறை

இவ்வாணிகம் தமிழ்மண்ணில் முளைத்ததன்று. ‘ராக்’ எனப்படும் மேலைத் துள்ளிசைக் குழுக்கள், தம் இளமைக்காலப் பாட்டுகளை முதுமைக்காலத்தில் மீண்டும் பாடிப் பெரும்பொருள் ஈட்டும் வழியைக் காட்டின. பழைய சுவைஞன் வளர்ந்துவிட்டான். அவன் கையில் இன்று ஊதியம் இருக்கின்றது. நெஞ்சில் ஏக்கம் இருக்கின்றது. இரண்டையும் ஒருசேரக் கறந்துவிடலாம் என்பதே அவ்வழி. 2009இல் உடைந்து பிரிந்த ‘ஒயாசிசு’ என்னும் ஆங்கிலேயக் குழு 2025இல் மீண்டும் ஒன்றுசேர்வதாக அறிவித்தது. அதற்கான சீட்டுகள் 2024 ஆகத்துத் திங்களின் இறுதி நாளில் விற்பனைக்கு வந்தபொழுது, ஏறத்தாழ 150 பவுன் விலையுடைய இடங்கள், மக்கள் வரிசையில் காத்திருக்கும்பொழுதே 350 பவுனுக்கும் மேலே ஏறின. ஏக்கம் மிகுந்தால் விலையும் மிகும் என்பதே கணக்கு. ஆங்கில நாட்டு மக்களே கொதித்தெழ, அந்நாட்டின் வணிகப் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு அதன்மேல் உசாவல் தொடங்க நேர்ந்தது.

அவ்வலை இந்தியாவிலும் விரிக்கப்பட்டது. முப்பது ஆண்டை எட்டும் ‘கோல்டுபிளே’ குழு 2025 சனவரியில் மும்பைக்கு அருகிலும் அகமதாபாத்திலும் பாடியது. மும்பை நிகழ்ச்சிகட்குக் குறைந்த விலை 2,500 உருபா. மிகுந்த விலை 35,000 உருபா. கள்ளவிலை இதனினும் பன்மடங்கு. இத்தொகையைத் தமிழ்நாட்டுச் சிற்றூர் உழைப்பாளியின் கையில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். 2024-25ஆம் ஆண்டில் நூறுநாள் வேலைத்திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டிற்கு வரையறுக்கப்பட்ட நாட்கூலி 319 உருபா. கடைசி வரிசையில் நிற்பதற்கே ஏறத்தாழ எட்டு நாட்கூலி வேண்டும். முதல்தர இருக்கைக்கோ, நூறு நாளும் தவறாது வேலை கிடைத்து நூறு நாள் கூலியையும் ஒரு காசு செலவிடாமல் சேர்த்து வைத்தாலும் 31,900 உருபாதான் தேறும். சீட்டு வாங்க இன்னும் 3,100 உருபா குறையும்! ஓர் ஏழையின் ஓராண்டு வேலையுறுதி, ஒரு செல்வனின் ஒரு மாலைப் பொழுதுக்குப் போதவில்லை.

அஃது ஆங்கிலப் பாட்டு, அவர்கள் பாடு என்று தமிழன் ஒதுங்கிவிட முடியாது. அதே அச்சில் வார்க்கப்பட்டவையே தமிழ்த் திரைப்பாட்டின் பெருநிகழ்ச்சிகளும். 2023 செபுதம்பர் 10ஆம் நாள் சென்னைப் பனையூரில் ஏ.ஆர். இரகுமானின் நிகழ்ச்சி நடைபெற்றது. ‘மறக்குமா நெஞ்சம்’ என்று அதற்குப் பெயர். ஏக்கத்தைப் பெயரிலேயே எழுதி வைத்தனர்! காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவரிற் பலர் உள்ளே நுழையவே இயலவில்லை. நெரிசலில் குழந்தைகள் தவித்தனர். பெண்கள் தொல்லைக்கு ஆளானதாக முறையிட்டனர். கிழக்குக் கடற்கரைச் சாலை மணிக்கணக்கில் அடைபட்டது. பின்னர் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. பணம் திருப்பித் தரப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. பணத்தைத் திருப்பித் தரலாம். தன் இளமைக்காலப் பாட்டின் வாயிலில் தள்ளப்பட்டு மிதிபட்டு நின்றவனின் மதிப்பை யார் திருப்பித் தருவது?

இத்தகைய திடல்களில் மக்களை அமர்த்தும் முறையையும் நோக்குக. வெள்ளி, பொன், வைரம் என்று மாந்தரைக் கொழுப்பின் அளவால் கூறுபோடுகின்றனர். பிறப்பால் மாந்தனைத் தரம்பிரிப்பது கொடுமை என்று நூறாண்டு போராடிய நாட்டில், பணத்தால் தரம்பிரித்து வேலியிட்ட கூட்டத்தில் ஒரே பாட்டுக்கு எல்லாரும் கைதட்ட வேண்டுமாம்! வேலிக்கு அப்பாலிருந்து வரும் கைதட்டலும் அங்கு விற்பனைச் சரக்கே.

கம்பம் பள்ளத்தாக்கின் மேடை

இனி, அப்பாட்டு பிறந்த இடத்திற்கு வருவோர் தேனி மாவட்டத்திற்கே வர வேண்டும். 1996இல் மதுரையினின்று பிரிக்கப்பட்ட அம்மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு, முல்லைப் பெரியாற்று நீரால் நெல்லும் வாழையும் கொடிமுந்திரியும் விளையும் மண். மதுரையில் கழகம் வைத்துத் தமிழ் வளர்த்த பாண்டியர் செய்தியைச் செப்பேட்டில் பொறித்துத் தந்த சின்னமனூர் அங்குத்தான் இருக்கின்றது. கூடலூர்க்கு மேலுள்ள மலைமுகட்டில் கண்ணகி கோட்டம் நிற்கின்றது. ஆண்டில் ஒருநாள், சித்திரை முழுநிலவன்று மட்டுமே தமிழர் அங்கு ஏறவிடப்படுகின்றனர்.

அக்கண்ணகியின் காப்பியமே தமிழிசைக்கும் தலைநூல். எண்கோல் நீளம், எழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்லும் அரங்கேற்று காதை, ஆடலாசான், இசையாசான், பாட்டியற்றுவோன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் ஆகியோர்க்கு உரிய தகுதிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்கின்றது. பாட்டியற்றுவோன் தமிழை முற்ற அறிந்தவனாய் இருத்தல் வேண்டும் என்பது அத்தகுதிகளுள் ஒன்று. மேடைக்கு மொழித்தகுதி வேண்டும் என்று கேட்பதை இன்று வெறி என்று ஏசுவோர், அவ்வெறியை முதலில் இளங்கோவடிகளிடம் கண்டு ஏச வேண்டும்.

அப்பள்ளத்தாக்கில் உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் பாவலர் வரதராசன். தம்பியரான பாசுகர், இராசையா, கங்கை அமரன் ஆகியோருடன் அவர் நடத்திய இசைக்குழு, பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் ஊர் ஊராய்ப் பாடியது. ஆர்மோனியமும் தோற்கருவியும் சில குரல்களுமே அக்குழுவின் முதல். மக்கள் முன்பே அறிந்த மெட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் கூலியையும் நிலத்தையும் பசியையும் ஆட்சியையும் பற்றிய புதுச்சொற்களை ஏற்றிப் பாடுவது பாவலரின் ஆற்றல். திரைமெட்டுத் தமிழனை மயக்கியது. பாவலர் அம்மெட்டைக் கொண்டே அவனை விழிக்கச் செய்தார்.

1956 நவம்பர் முதல்நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்க்கப்பட்டன. தமிழினத்தின் ஆறாப் புண்களுள் அஃது ஒன்று. அத்தேவிகுளத்தில் 1958இல் இடைத்தேர்தல் வந்தது. தேயிலைத் தோட்டத் தமிழ் உழைப்பாளரிடையே பாவலரின் பாட்டு ஒலித்தது. பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் வென்றார். அந்த வெற்றியால் தேவிகுளம் தமிழ்நாட்டிற்கு மீளவில்லை என்பதையும், அக்கட்சி தமிழர் எல்லையுரிமையைத் தன் போராட்டமாகக் கொள்ளவில்லை என்பதையும் தமிழ்நலம் நாடுவோர் மறப்பதற்கில்லை. எனினும் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். வேற்றரசின்கீழ் வைக்கப்பட்ட மலைத்தோட்டத்தில் நின்ற தமிழ் உழைப்பாளியிடம், அவன் சிக்கலை அவன் மொழியிலேயே கொண்டுசென்றது ஒரு பாட்டு மேடை. அதற்கு வேலி இல்லை. வாயிலில் சீட்டுக் கிழிப்பவன் இல்லை.

அம்மேடையின் இயல்பு மூன்று. அது திறந்த திடலில் நின்றது. வந்தவர் எல்லாரும் அதற்கு உரியவர். அது தமிழில் பேசியது. அறிவிப்பு முதல் நன்றியுரை வரை கூட்டத்தின் கடைசி வரிசையில் இருந்த பாட்டிக்கும் விளங்கியது. அது அன்றன்றைய வாழ்வைப் பாடியது. நேற்றைய பாட்டையும் இன்றைய தேவைக்குத் திருப்பியது. இம்மூன்றையும் இன்றைய பழம்பாட்டுப் பெருநிகழ்ச்சியோடு ஒட்டிப் பார்த்தால், மூன்றும் நேர்மாறாய் இருப்பதைக் காணலாம். திறந்த திடலுக்கு மாறாக வேலி. தமிழுக்கு மாறாக ஆங்கிலம். இன்றைய வாழ்வுக்கு மாறாக நேற்றைய மயக்கம்.

அக்குழுவில் ஆர்மோனியம் இசைத்த தம்பி இராசையாவே, 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாகத் திரையுலகில் இளையராசா என்று அறியப்பட்டார். அண்ணன் பாவலரோ அதனைக் காணுமுன்னரே மறைந்தார். பண்ணைப்புரத்து வயல்வெளியின் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் தெம்மாங்கும் திரைப்பாட்டாகி நாடெங்கும் பரவின. 2025 மார்ச்சு 8ஆம் நாள் இலண்டனில் அவர்தம் மேலையிசைப் பெரும்படைப்பு அரங்கேறியபொழுது தமிழினம் தலைநிமிர்ந்தது. ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த ஒரு தமிழ்மகன், மேலையர் தமக்கே உரியதென்று எண்ணியிருந்த இசைவடிவைக் கைக்கொண்டது பெருமையே. அப்பெருமையைக் குறைப்பது இங்கு நோக்கமன்று. ஆனால், இலண்டன் அரங்கிற்கு ஒளி பாய்ச்சும்பொழுது பண்ணைப்புரத் திடலில் இருள் சூழ்ந்தால், அவ்வொளியால் தமிழர்க்கு ஆவது என்ன?

பாட்டு எந்த அளவிற்கு உடைமைச் சரக்காகிவிட்டது என்பதற்கு 2017ஆம் ஆண்டே சான்று. தம் பாட்டுகளை இசைவின்றி மேடையிற் பாடலாகாது என்று இளையராசா சார்பில் பாடகர் எசு.பி. பாலசுப்பிரமணியத்திற்கு அறிவிக்கை சென்றது. படைத்தவனுக்கு உரிமை உண்டு; அவனை ஏய்த்துப் பொருள் ஈட்டுவது கொள்ளையே. எனினும், வேலியிட்ட மேடை தோன்றியதும் கணக்கு தோன்றிற்று. கணக்கு தோன்றியதும் உடன்பிறவா உடன்பிறந்தாராய் வாழ்ந்தவரிடையே அறிவிக்கை தோன்றிற்று. பாவலரின் பாட்டை எந்த உழைப்பாளியும் எவரிடமும் இசைவு கேளாமலே களைவெட்டும்பொழுது பாடலாம். மக்களின் பாட்டென்பது அதுதான்.

இன்று அப்பள்ளத்தாக்கின் விழாமேடைகளில் நடப்பதென்ன? சித்திரைத் திங்களில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் விழா முல்லையாற்றங்கரையில் எட்டு நாள் நடைபெறுகின்றது. தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்திச் சுற்றூர் மக்கள் திரள்கின்றனர். அவ்விழாவைப் போலவே ஒவ்வொரு சிற்றூரிலும் அம்மன் விழா உண்டு. நையாண்டி மேளமும் கரகமும் ஒயிலும் தேவராட்டமும் முன்பு அவ்விரவுகளுக்கு உரியவையாய் இருந்தன. பின்னர்த் திரைப்பாட்டு மெல்லிசைக் குழு வந்தது. கலைஞர்கள் தெருவிற்குத் தள்ளப்பட்டனர். இன்று அம்மெல்லிசைக் குழுவையும் தள்ளிவிட்டு, மலைபோல் அடுக்கிய ஒலிப்பெட்டிகளும் பதிவுப் பாட்டும் வந்து அமர்ந்துவிட்டன. கித்தாரும் விசைப்பலகையும் பயின்ற ஊர் இளைஞன் அக்கருவிகளை உறையிலிட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பேருந்து ஏறுகின்றான். பறையிசைப்பவனோ சாவு வீட்டிற்கு மட்டும் அழைக்கப்படுகின்றான். அங்கும் திண்ணையில் அவனுக்கு இடமில்லை.

பெருநகரத்துப் பழம்பாட்டு நிகழ்ச்சிக்கும் சிற்றூர்க் கலைஞனின் பசிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரான தொடர்பு உண்டு. ஆண்டிற்கு ஒருமுறை நகரம் சென்று ஐயாயிரம் உருபா கொடுத்துப் பாட்டுக் கேட்டு வருபவன், தன் ஊர் விழாக்குழு உறுமிக்காரனுக்கு ஐந்நூறு கூட்டித் தரச் சொன்னால் முகஞ்சுளிக்கின்றான். தொலைவில் இருப்பது கலை, அருகில் இருப்பது கூலிவேலை என்னும் எண்ணத்தை அப்பெருநிகழ்ச்சிகள் அவன் நெஞ்சில் ஊன்றிவிட்டன. இளையராசாவின் இசையிலே உறுமியையும் பறையையும் கேட்டுக் கண்ணீர் உகுப்பவன், அவற்றை முழக்குபவன் வீட்டில் ஒரு குவளை நீர் அருந்துவானா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் பழநினைவு பேசுவது வெறும் வேடம்.

மறுப்போர்க்கு மறுமொழி

‘இசைக்கு மொழியில்லை’ என்பர் சிலர். இஃது இன்று கேட்கும் சொல்லன்று. 1941இல் சிதம்பரத்தில் தமிழிசைத் தீர்மானம் எழுந்தபொழுதும், 1943இல் அண்ணாமலை அரசர் முயற்சியால் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டபொழுதும் இதே சொல்லைத்தான் எதிர்ப்பாளர் ஏவினர். மொழியில்லை என்றால் தெலுங்கிலேயே ஏன் பாட வேண்டும் என்று அன்று கேட்டதற்கு விடையில்லை. மொழியில்லை என்றால் மேடையில் ஆங்கிலத்திலேயே ஏன் பேச வேண்டும் என்று இன்று கேட்டாலும் விடை வராது. மொழியில்லை என்போர் எப்பொழுதும் விலக்குவது ஒரே ஒரு மொழியைத்தான். அது தமிழ்.

‘அவனவன் காசு, அவனவன் மகிழ்ச்சி’ என்பர் வேறு சிலர். ஆம், காசு அவனுடையதே. ஆனால் மேடை என்பது ஓர் இனத்தின் பொதுச்சொத்து. எதற்குக் கூட்டம் கூடுகின்றதோ அதுவே வளரும். எதனை விட்டு விலகுகின்றதோ அது சாகும். தனி மாந்தன் காசு செலவிடுகின்றான். இழப்பை இனம் சுமக்கின்றது.

‘தமிழ்ப்பாட்டுத்தானே பாடுகின்றனர், இதற்கு மேல் என்ன வேண்டும்?’ என்பர் மூன்றாமவர். தமிழ்ப்பாட்டின் நடுவே தமிழைத் தாழ்த்துவது, தாயின் படத்தை நடுவீட்டில் மாட்டித் தாயைத் திண்ணையில் உறங்க வைப்பதற்கு ஒப்பாகும். பாட்டில் மட்டும் தமிழ், அழைப்பில், சீட்டில், அறிவிப்பில், பேச்சில் ஆங்கிலம் என்றால், தமிழ் உணர்ச்சிக்குரிய மொழி, ஆங்கிலம் ஆளுமைக்குரிய மொழி என்று இளந்தலைமுறைக்குக் கற்பிக்கின்றனர் என்பதே பொருள். அழுவதற்குத் தமிழ், ஆள்வதற்கு ஆங்கிலம் என்னும் அப்பாடத்தை எந்தப் பள்ளியும் இவ்வளவு திறமாய்க் கற்பித்ததில்லை.

செய்ய வேண்டுவன

ஏக்கத்தை ஏசிப் பயனில்லை. அவ்வேக்கம் சென்று சேர்வதற்கு நல்ல மேடை வேண்டும். தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வட்டாரத்துத் தமிழன்பர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் விழாக்குழுவில் சென்று அமர வேண்டும். வெளியில் நின்று தூற்றுவதால் மேடை மாறாது. விழா இரவுகளில் ஒன்றையேனும் மண்ணின் கலைஞர்க்கு ஒதுக்கச் செய்ய வேண்டும். பேசிய ஊதியத்தை அன்றே முழுமையாய்க் கொடுத்து, மேடையில் பெயர் சொல்லி அழைத்து, எல்லார்க்கும் இட்ட பந்தியிலேயே அவர்க்கும் இலை போட வேண்டும். ஊர் இளைஞர் நடத்தும் இசைக்குழு இருக்க, ஒலிப்பெட்டிக் குவியலை வாடகைக்கு எடுப்பதைத் தடுக்க வேண்டும்.

அக்குழு பழம்பாட்டையும் பாடட்டும். ஆனால் பாவலரைப் போல் புதுச்சொல்லும் ஏற்றட்டும். ஏலத்தோட்டத்திற்கு நெருக்கியடித்துச் செல்லும் ஊர்தி கவிழ்ந்து உயிர்விடும் பெண்களைப் பற்றி, முல்லைப் பெரியாற்று உரிமையைப் பற்றி, கொடிமுந்திரிக்கு விலை கிடையாமல் குலையோடு விடப்படும் பந்தலைப் பற்றி, கண்ணகி கோட்டத்திற்கு ஒருநாள் மட்டும் திறக்கும் வழியைப் பற்றிப் பாடுவதற்குச் செய்தி இல்லையா? அழைப்பும் அறிவிப்பும் நன்றியும் நல்ல தமிழில் இருக்கட்டும். பெருநகர நிகழ்ச்சிக்குச் செல்வோரும் வாய்மூடி வர வேண்டியதில்லை. காசு கொடுத்தவன் தமிழில் சீட்டுக் கேட்கலாம், தமிழில் பேசச் சொல்லிக் கேட்கலாம். ஆயிரம் பேர் கேட்டால் வாணிகன் மாறுவான்; அவனுக்கு ஆங்கிலத்தின்மேல் காதலில்லை, காசின்மேல்தான்.

ஓர் ஆர்மோனியப் பெட்டியும் நான்கு உடன்பிறந்தாரும் ஒரு திறந்த திடலும் இருந்தபொழுது பண்ணைப்புரம் எழுப்பிய குரல் தேவிகுளத்து மலையை எட்டியது. இன்று ஊருக்கு ஊர் ஒலிபெருக்கி உண்டு. கைதோறும் கைப்பேசி உண்டு. கருவி பயின்ற இளைஞரும் உண்டு. இல்லாதது துணிவு ஒன்றே. அத்துணிவு வந்துவிடின், தமிழன் தன் பாட்டைத் தானே விலைக்கு வாங்கும் இழிநிலை ஒழியும். அடுத்த சித்திரைக்குள் ஒரூர் மேடையேனும் மீட்கப்பட வேண்டும். மீட்கும் கைகள் கம்பம் பள்ளத்தாக்கினின்றே எழட்டும்!